கூடி வாழ்ந்தால் கோடி நன்மையா?

"கூடி வாழ்ந்தால் கோடி நன்மை" என்று சிறு வயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அம்முதுமொழியை ஊர்வனவற்றுக்கும் பொருத்திப் பார்த்துப் பிழை செய்தோம்.

அறிவியல் கண்காட்சிக்காக, தோழி ஒருத்தியின் வீட்டுச் செங்காது ஆமையையும், தோட்டத்தில் பிடித்த ஓணானையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் வைத்தோம். பார்த்தவர் அனைவரும் பாராட்டினர். ஆறாம் நாள் காலையில் ஓணான் இறந்து கிடந்தது. அறிவியல் ஆசிரியையான சகோதரி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "இத்தொட்டி இவ்விரண்டில் எதன் வீடு?" என்று மட்டுமே கேட்டார்கள். விடை கூற இயலாமல் தலைகுனிந்தோம்.

ஊர்வன, நம்மைப்போல் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக் கொள்வன அல்ல. வெயிலையும் நிழலையும் மாறி மாறி நாடியே அதனைச் சீர்செய்து கொள்கின்றன. போதிய வெப்பம் இல்லையேல் உண்ட உணவும் செரிக்காது. ஆமைக்கோ நீந்த நீர் வேண்டும். ஓணானுக்கோ ஏறி வெயில் காயக் கிளை வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக நாங்கள் அமைத்த இடம் ஓணானுக்கு ஈரச் சிறையாயிற்று.

நோயும் உண்டு. என்டமீபா இன்வேடன்ஸ் என்னும் நுண்ணுயிர் ஆமைகளின் குடலில் பெரும்பாலும் தீங்கின்றித் தங்கியிருக்கும். அதுவே பாம்பையும் பல்லியினத்தையும் தொற்றினால் குடலைப் புண்ணாக்கிக் கொன்றுவிடும். நலமாய்த் தோன்றும் ஆமையே அண்டை உயிருக்கு நமனாகலாம். ராஜநாகத்தின் முதன்மை உணவே பிற பாம்புகள்தாம் என்பதையும் நினைவிற் கொள்க.

"வட இந்தியச் சம்பல் ஆற்றில் கரியல் முதலையும் சதுப்புநில முதலையும் ஆமைகளும் சேர்ந்து வாழவில்லையா?" என்று சிலர் வினவலாம். உண்மையே. ஆனால் ஆற்றில் பிடிக்காதது விலகிச் செல்ல இடமுண்டு. தொட்டியில் நான்கு சுவர்களே உண்டு. பரந்த இடமும், தனித்தனி உணவும், தேர்ந்த வல்லுநரும் உள்ள காட்சிசாலைகளில் சில இனங்களைச் சேர்த்து வளர்க்க இயலும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. காண்பவர் களிப்பிற்காக மட்டும் சேர்ப்பதையே மறுக்கிறோம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிறு ஆமைகளிடமிருந்து சால்மோனெல்லா கிருமி குழந்தைகளுக்குப் பரவியதால், 4 அங்குலத்திற்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தடை செய்தது. ஆதலால் ஆமையைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவச் செய்யுங்கள். செங்காது ஆமை அமெரிக்க இனம். சலித்துப்போய் அதைக் குளத்தில் விட்டால், நம் நாட்டு ஆமைகளின் உணவுக்கும் இடத்திற்கும் அது போட்டியாகும். நட்சத்திர ஆமையையோ வீட்டில் வளர்ப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

விரும்பிச் சேர்ந்தவர்க்கே கூட்டு வாழ்வு நன்மை தரும். பிறர் பூட்டிச் சேர்த்தால் அது கூட்டு வாழ்வன்று. அடுத்த கண்காட்சியில் எங்கள் ஓணான் தொட்டியில் இராது. தோட்டத்து வேலியிலேயே இருக்கும். நாங்கள் குறிப்பேட்டுடன் அதனிடம் செல்வோம். தோழியரே, நீங்களும் உடன் வாரீர்!