டச்சுப் பள்ளியின் உள்ளேயும் எமது பிள்ளைகள் போகட்டும்



சிங்களத்தில் மஸ்ஜிதும் 'பல்லிய'தான், தேவாலயமும் 'பல்லிய'தான். காலிக் கோட்டையில் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலிலிருந்து ஒல்லாந்தர் தேவாலயத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆனாலும் எமது பிள்ளைகளில் எத்தனை பேர் அதன் உள்ளே போயிருக்கிறார்கள்? வெளிநாட்டவர் படம் எடுக்கும் இடம் என்று வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

1752இல் தொடங்கி 1755இல் கட்டி முடித்த கட்டடம் அது. அப்போது காலியின் ஒல்லாந்தத் தளபதியாக இருந்தவர் கஸ்பாரஸ் டி யோங். மகள் பிறந்ததற்கு நன்றியாகக் கட்டினார் என்று ஒரு கதையும் உண்டு. சிலுவை வடிவம், கோபுரம் இல்லை. கூரையைத் தாங்க நடுவில் தூண்களும் இல்லை, பாரமெல்லாம் தடித்த சுவர்களில்தான். காரணம் எளியது. ஒல்லாந்தர் வழிபாட்டில் பிரசங்கமே முதன்மை. எங்கிருந்தாலும் போதகரைக் காண வேண்டும், கேட்க வேண்டும். பிரசங்க மேடைக்கு மேலே மரத்தால் ஒரு விதானம் இருக்கிறது. ஒலிவாங்கி இல்லாத காலத்தில் குரலைச் சபைப் பக்கம் திருப்பிவிட்டது அதுதான். மிம்பரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்க அதிக நேரம் தேவையில்லை.

தரை முழுக்க ஒல்லாந்தரின் கல்லறைக் கற்கள். கோட்டையின் பழைய மயானத்திலிருந்து கொண்டுவந்து பதித்தவை. பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியில் முடிந்துபோகும் ஒல்லாந்தர் காலம், அங்கே காலடியில் பெயரோடும் ஆண்டோடும் கிடக்கிறது.

மறுபக்கம், 1904இல் கட்டிய எமது பள்ளிவாசலைப் பாருங்கள். இரண்டு வெள்ளைக் கோபுரங்களோடு வெளிச்ச வீட்டுக்கு எதிரே நிற்கும் அதைத் தேவாலயம் என்று நினைக்கும் பயணிகள் இன்றும் உண்டு. இந்த ஊரின் கட்டடங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கின்றன. மனிதர்கள்தான் விலகி நிற்கிறோம்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அந்த விலகல் கூடியது. தேவாலய வாசலுக்குப் பிள்ளையை அனுப்பினால் யார் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் எமக்கு. பர்தாவைக் கண்டால் ஒரு தயக்கம் மற்றவர்களுக்கு. நாங்கள் ஒதுங்கியே இருந்தால் இந்தத் தயக்கம் அடுத்த தலைமுறைக்கும் போய்ச்சேரும். பக்கத்து வீதியின் வரலாறு தெரியாத பிள்ளைக்குப் பக்கத்து வீட்டாரும் அந்நியர்தான். போய்ப் பார்ப்பதால் எமது ஈமானுக்கு ஒன்றும் குறையாது. நாங்கள் போவது வணங்க அல்ல, படிக்க.

ஆகவே பெற்றோரிடமும் சக ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆராதனை இல்லாத ஒரு நாளில், முன்கூட்டியே அனுமதி கேட்டு, ஒரு வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போவோம். தரைப்படம் வரையட்டும், கற்களில் உள்ள ஆண்டுகளை எழுதி எடுக்கட்டும். அடுத்த வாரம் மற்றச் சமூகப் பிள்ளைகளை எமது பள்ளிவாசலுக்கு அழைப்போம். 1904இல் கட்டிய கதையை எமது பிள்ளைகளே அவர்களுக்குச் சொல்லட்டும்.

விருப்பமான பெற்றோர் கீழே தெரிவியுங்கள். சேர்ந்து ஒரு நாளைத் தீர்மானிப்போம், இன்ஷா அல்லாஹ்.