தடிப்பும் தெளிவும்

எழுத்து தடித்தால் தெளிவு மிகும் என்பது பலர் எண்ணம். நாம் அவ்வாறு கருதவில்லை. ‘இம்பாக்ட்’ என்னும் ஆங்கில அச்செழுத்தே அதற்குச் சான்று. ஜெஃப்ரி லீ வடிவமைத்த இதனை, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலிருந்த ஸ்டீபன்சன் பிளேக் எழுத்து வார்ப்பகம் 1965ஆம் ஆண்டில் வெளியிட்டது. இதன் நுனிகளில் அணிக்கோடுகள் இல்லை. கோடுகள் மிகத் தடித்தவை. எழுத்துகள் நெருங்கி நிற்பவை. அவற்றின் உள்வெளியோ கீற்றளவே. குறுகிய இடத்தில் பெருந்தலைப்பு அமைக்கவே இவ்வடிவம் பிறந்தது. சுவரொட்டியில் தொலைவிலிருந்தே கண்ணை ஈர்க்கும் ஆற்றல் இதற்குண்டு.

ஆயின், ஒரு பத்தி முழுவதையும் இவ்வாறு அமைத்தால் என்னாகும்? உள்வெளி அடைபட்ட எழுத்துகளைப் பிரித்தறிய முடியாமல் கண் தளரும். முதன்மையான சொல் எதுவென்றும் புலப்படாது. சுழிகள் மிகுந்த நம் தமிழெழுத்துகளுக்கு இவ்வுண்மை இன்னும் பொருந்தும். ‘ண’கரத்தின் சுழி அடைபட்டால் அது வெறுங்கரும்புள்ளியே.

பள்ளிவாசல் பலகையிலும் கல்லூரி அறிவிப்பிலும், பார்வை தளர்ந்த பெரியோருக்கு உதவுவதாக எண்ணி யாவற்றையும் தடித்த எழுத்தில் அமைக்கின்றோம். அஃது உதவியன்று, இடையூறே. தலைப்பு மட்டும் தடிக்கட்டும். செய்திக்கோ எழுத்தின் அளவைப் பெருக்குவோம். வரிகளிடையே வெளி விடுவோம். அறிவிப்பு எழுதும் மாணவச் செல்வங்கள் இதனை மனங்கொள்வாராக!