மதிலைப் பார்த்தா கல்லூரியைத் தேர்வது?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "கல்லூரியின் மதில் உயரமானதா? வாசல் வரை பஸ் வருமா?" என்பதே. ஆய்வுக்கூடம் உண்டா, நூலகம் எப்படி, போதிய பேராசிரியர்கள் உளரா என நாம் விசாரிப்பதில்லை. படிக்கப் போகும் மகளிடம், "உனக்கு எதில் நாட்டம்?" என்றும் கேட்பதில்லை.

பாதுகாப்பு வேண்டாமா என்பீர்கள். வேண்டும், ஆனால் அதுவே கல்வி ஆகிவிடாது. 1955-இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் சென்னையில் மகளிர் கல்லூரி கண்டார். 1988-இல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி தோன்றியது. இவற்றில் கல்விக்காகவே மதில் எழுந்தது; மதிலுக்காகக் கல்லூரி எழவில்லை.

இவ்வளவு ஆராய்ந்து சேர்த்த மகளை, நல்ல சம்பந்தம் வந்ததென்று இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்தி நிக்காஹ் முடிக்கிறோம். பிறகு எந்தக் கல்லூரியாயிருந்தால் என்ன?

கல்வி தேடுவது கடமையென்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதை மீலாது மேடைதோறும் முழங்குகிறோம். அக்கடமையை, 'மாப்பிள்ளை வரும் வரை' என்று சுருக்கும் உரிமையை நமக்கு யார் தந்தார்?