வீட்டில் உருவாகும் துவிச்சக்கர வண்டியும் நாடு கற்க வேண்டிய பாடமும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டில் வாகனங்களை இறக்குமதி செய்வதற்கு நாடு செலவிட்ட தொகை 100 கோடி டொலரைத் தாண்டியது. 2022 இல் தூசி தட்டி எடுக்கப்பட்ட துவிச்சக்கர வண்டிகள் பலவும் இன்று மீண்டும் வீட்டுக் கோடியிலும் கொட்டிலிலும் சாய்த்து வைக்கப்பட்டுவிட்டன. வசதி திரும்பும்போது மக்கள் வசதியை நாடுவது இயல்பே. ஆனால், வண்டியோடு சேர்ந்து, பழைய பாகங்களைக் கொண்டு அதனை உருவாக்கும் கைத்திறனும் மூலைக்குப் போய்விடுமாயின் அது எளிதில் ஈடுசெய்யக்கூடிய இழப்பாக இராது.

2022 ஆம் ஆண்டின் அனுபவம் அதற்குள் மறக்கப்படக் கூடியதல்ல. அவ்வாண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அரசாங்கம் அறிவித்தது. ஜூன் 26 ஆம் திகதி ஒரு லீற்றர் பெற்றோலின் விலை 470 ரூபாவாக உயர்ந்தது. மறுநாள் நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படுமென அறிவிக்கப்பட்டது. வைத்தியசாலை ஊழியரும் ஆசிரியரும் கூலித் தொழிலாளரும் துவிச்சக்கர வண்டியைத் தேடி ஓடிய நாட்கள் அவை. புதிய வண்டியின் விலையோ சாதாரண குடும்பம் நெருங்க முடியாத உயரத்திற்குச் சென்றது. அவ்வேளையில் பலருக்குக் கைகொடுத்தது கடைகளல்ல. ஒரு வண்டியின் சட்டகம், இன்னொன்றின் சில்லு, அயல்வீட்டாரிடம் கிடந்த பெடல் என ஒன்றுசேர்த்து வீட்டு முற்றத்தில் பொருத்தப்பட்ட வண்டிகளே கைகொடுத்தன.

வடபகுதி மக்களுக்கு இது புதிய அனுபவமன்று. 1990 முதல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் பற்றரியும் அரிய பொருட்களாகின. அந்த ஆண்டுகளில் துவிச்சக்கர வண்டியே குடும்பத்தின் வாகனமாகவும், நோயாளரை ஏற்றிச் செல்லும் ஊர்தியாகவும், விறகும் மரக்கறியும் சுமக்கும் வண்டியாகவும் இருந்தது. அதனைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து பெற்ற மின்சாரத்தில் வானொலி கேட்ட தலைமுறை இன்னும் எம்மிடையே உள்ளது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, பலருடைய வாழ்நாள் உடைமை முழுவதையும் சுமந்தது இந்த வண்டியின் கரியரே. வெடித்த ரயரின் உட்புறம் பழைய ரயர்த் துண்டை வைத்து ஓடியதும், மூன்று வண்டிகளைப் பிரித்து ஒரு வண்டி செய்ததும் அக்காலத்தில் எவரும் வியந்து பேசாத அன்றாடக் காரியங்கள்.

இது மக்களின் விடாமுயற்சியால் மட்டும் சாத்தியமானதன்று. பொருளின் அமைப்பும் அதற்கு இடமளித்தது. பழைய வண்டிகளின் சட்டகம் உருக்கினால் ஆனது. அது வளைந்தால் நிமிர்த்தலாம். வெடித்தால் ஊரிலுள்ள ஒட்டுவேலைக்காரரே ஒட்டிவிடுவார். 28 அங்குலச் சில்லும் அரை அங்குலக் கண்ணி கொண்ட செயினும் பெரும்பாலான வண்டிகளுக்குப் பொதுவாக இருந்தன. ஆகவே ஒரு வண்டியின் மரணம் இன்னொரு வண்டிக்கு உயிராயிற்று.

இன்று அந்த நிலைமை மாறி வருகின்றது. இரண்டு ரயர்களில் 26 அங்குலம் என ஒரே அளவு பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒன்று 559 மில்லிமீற்றர் விட்டமுடைய றிம்முக்கும், மற்றையது 590 மில்லிமீற்றர் றிம்முக்கும் உரியதாயிருக்கும். ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. அலுமினியச் சட்டகம் பாரம் குறைந்தது, துருப்பிடிப்பதும் குறைவு. ஆயினும் அது வெடித்தால் சாதாரண ஒட்டுவேலையினால் சீராகாது. பல்லிணை மாற்றும் அமைப்பும் தட்டுப் பிரேக்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகின்றன. புதிய தொழில்நுட்பத்தை நாம் வெறுக்கவில்லை. ஆனால் பழுதடைந்தால் எறிவதைத் தவிர வேறு வழியில்லாத பொருளை மலிவென்று வாங்குவது உண்மையில் மலிவாகாது.

அதேவேளை, பழைய பாகமெல்லாம் பயன்படும் எனக் கருதுவதும் ஆபத்தானது. முன்போக், காண்டில், பிரேக் கம்பி ஆகியவற்றில் சிறு வெடிப்போ உட்துருவோ இருப்பின் அவை உயிரைப் பறிக்கக் கூடியவை. அவற்றில் சிக்கனம் பார்க்கலாகாது. செயினின் 24 கண்ணிகள் 12 அங்குலம் இருத்தல் வேண்டும். அது அங்குலத்தின் எட்டிலொரு பங்கு நீண்டிருந்தால், செயினை மட்டுமன்றித் தேய்ந்த பற்சில்லையும் மாற்ற வேண்டும். முன்தலைக் குழாயிலிருந்து பின்சில்லின் இரு பக்கங்களுக்கும் ஒரு நூலைப் பிடித்து, நடுக்குழாயிலிருந்து இருபுற இடைவெளியையும் அளந்தால் சட்டகம் வளைந்துள்ளதா என அறியலாம். இத்தகைய அறிவு அனுபவசாலிகளின் கைகளில் உள்ளது. ஆனால் ஒழுங்கைதோறும் இருந்த துவிச்சக்கர வண்டி திருத்தகங்கள் குறைந்து செல்கின்றன. அத்தொழிலைத் தொடரப் பிள்ளைகள் முன்வருவதில்லை.

பிரான்ஸ் அரசாங்கம் 2020 மே மாதத்தில், கொரோனா முடக்கத்தின் பின், பழைய துவிச்சக்கர வண்டியைத் திருத்துவதற்கு வண்டியொன்றுக்கு 50 யூரோ வரை உதவித்தொகை வழங்கியது. செல்வந்த நாடொன்றே, புதிய வண்டி வாங்க உதவுவதோடு நில்லாது இருப்பதைத் திருத்துவதற்கும் பணம் செலவிட்டது. கடனில் மூழ்கி எழுந்த நாடாகிய எமக்கு இந்தச் சிந்தனை இன்னும் அவசியமானது.

இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. ரயர், செயின், பிரேக் போன்ற அடிப்படை உதிரிப்பாகங்களுக்கான வரியை, முழு வண்டிக்கான வரியிலிருந்து வேறாக நோக்கிக் குறைத்தல் வேண்டும். இறக்குமதியாகும் வண்டிகளின் றிம் அளவு மில்லிமீற்றரில் தெளிவாகக் குறிக்கப்படுவதைக் கட்டாயமாக்கலாம். பொலிஸ் நிலையங்களிலும் நீதிமன்ற வளாகங்களிலும் உரிமை கோரப்படாது துருப்பிடிக்கும் வண்டிகளை, சட்ட நடைமுறைகள் முடிந்தபின் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு வழங்கலாம். மூத்த திருத்துநர்களை அங்கு பயிற்றுநர்களாக அமர்த்தி, மாணவர்கள் தாமே பொருத்தும் வண்டியைத் தாமே பாடசாலைக்கு ஓட்டிச் செல்ல வழிசெய்யலாம். பெண் பிள்ளைகளையும் இப்பயிற்சியில் சேர்ப்பது அவசியம். பழுதடைந்த வண்டியை உருட்டிக்கொண்டு நெடுந்தூரம் நடப்பவர்களில் அவர்களும் உள்ளனர்.

எரிபொருளுக்கான கியூ.ஆர். முறை 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்டபோது நெருக்கடி முடிந்துவிட்டதென நாம் பெருமூச்சு விட்டோம். ஆனால் பெற்றோலிய எண்ணெய் முழுவதையும் கடல்கடந்து பெறும் நாட்டிற்கு அடுத்த நெருக்கடி வராதென எவரும் உறுதி கூற முடியாது. அந்நாளில் பணம் கொடுத்தாலும் பொருள் கிடைக்காது போகலாம். பழைய இரும்பைத் துவிச்சக்கர வண்டியாக்கத் தெரிந்த கைகள் அப்போது எத்தனை இருக்கும் என்பதை, அவற்றை இன்று நாம் பேணும் விதமே தீர்மானிக்கும். தேவை வந்தபின் தேடினால், அக்கைகளும் பற்றாக்குறைப் பொருட்களின் வரிசையில் சேர்ந்துவிடும்.