கடைசி சீட்டின் நடுக்கம்

“என்னடா இது, ரோடு இவ்வளவு மோசமா கெடக்கு?” என்று அத்தை கடைசி சீட்டிலிருந்து கேட்டபோது வேன் சமயபுரத்தைத் தாண்டியிருந்தது. ரோட்டின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. திருச்சி–சென்னை நான்குவழிச் சாலை அந்த இடத்தில் பாய் விரித்ததுபோல் கிடந்தது. ஆனாலும் அத்தை முன் சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபத்து நான்கு வயது. போன வருடம்தான் முதுகுத்தண்டுக்கு வைத்தியம் பார்த்திருந்தோம்.

சென்னையில் ஒரு கல்யாணம். ஸ்ரீரங்கத்திலிருந்து வாடகை வேனில் பன்னிரண்டு பேர் விடியற்காலையில் கிளம்பியிருந்தோம். சித்திரை வீதியில் ஏறியதிலிருந்து கொள்ளிடம் பாலம், நம்பர் ஒன் டோல்கேட் வரைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. வேகமுள் எண்பதைத் தொட்டதும்தான் ஆரம்பித்தது. பின்னால் போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தரை வழியாகப் பாதத்தில் ஏறி இடுப்பில் போய் நிற்கிற, விடாத நடுக்கம். வேகம் அறுபதுக்கு இறங்கினால் அடங்கியது. எண்பதுக்கு ஏறினால் திரும்ப வந்தது. ரோட்டுப் பள்ளம் இப்படிக் கணக்கு வைத்துக்கொண்டு குலுக்காது. சக்கரம்தான் குலுக்கும்.

டிரைவரிடம் போய்ச் சொன்னேன். “ஸ்டியரிங் கல்லு மாதிரி நிக்குது சார், ஒரு ஆட்டமும் இல்லையே” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஸ்டியரிங் பிடித்திருப்பது முன்சக்கரங்களைத்தான்.

“பின்னாடி டயர் எப்ப மாத்தினீங்க?”

“போன வாரம்தான் சார். ரெண்டும் புதுசு.”

“பேலன்ஸ் பண்ணீங்களா?”

“முன்னாடி ரெண்டுக்குத்தான் சார் பண்றது. பின்னாடி எதுக்கு? கை ஆடினாத்தானே பிரச்சினை.”

இந்தப் பதிலை நான் பல டிரைவர்களிடம், பல டயர் கடைகளில் கேட்டிருக்கிறேன். அது ஏன் தவறு என்று இந்த வாரம் சொல்லிவிட வேண்டும்.

டயரும் ரிம்மும் பார்வைக்கு நல்ல வட்டம்தான். ஆனால் சுற்றிலும் ஒரே எடை இருக்காது. டயருக்குள் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடம், ரிம்மில் பற்றவைத்த இடம், வால்வு நிற்கும் இடம் என்று எங்கோ ஒரு பக்கம் சில பத்து கிராம் கூடிவிடும். எந்தக் கம்பெனி டயரானாலும் இது உண்டு. பல புது டயர்களில் ஒரு மஞ்சள் புள்ளி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டயரின் லேசான இடம் அது. அந்தப் புள்ளி வால்வுக்கு நேராக வரும்படி மாட்டினால் ஒன்றின் குறையை இன்னொன்று ஓரளவு ஈடுகட்டும். மீதியை மெஷினில் சுற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

சில பத்து கிராம் என்ன செய்துவிடும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 அங்குல ரிம், டயரோடு சேர்த்து 70 சென்டிமீட்டர் குறுக்களவு. 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் வினாடிக்குப் பத்துச் சுற்றுச் சுற்றுகிறது. ரிம் விளிம்பில் ஒரு பக்கம் 50 கிராம், ஒரு எலுமிச்சம்பழத்தின் எடை, கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது அச்சை ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். 80இல் நான்கு கிலோ. 100இல் ஆறு கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் மேலே, ஒரு தரம் கீழே. ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் அச்சுக்கும் சக்கரத்துக்கும் தமக்கென்று ஒரு துள்ளல் உண்டு. வினாடிக்குப் பத்துப் பதினைந்து தரம் துள்ளும். சுற்றும் வேகம் அந்தத் துள்ளலோடு ஒத்துப்போகும்போது, ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளுவது போல நடுக்கம் பெருத்துவிடுகிறது. சித்திரை வீதியில் தெரியாதது சமயபுரம் தாண்டியதும் தெரிந்தது இதனால்தான். ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து “நல்லா இருக்கு” என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடாததற்கும் காரணம் இருக்கிறது. நாம் காலங்காலமாகப் பார்த்துப் பழகியவை மெதுவாகச் சுற்றும் சக்கரங்கள். ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேர் மனிதர் நடக்கும் வேகத்தில் போகிறது. அந்தச் சக்கரத்தில் ஒரு பக்கம் கிலோக்கணக்கில் கூடியிருந்தாலும் தேர் நடுங்காது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்துகொடுத்தது நம் திருவெறும்பூர் பெல் நிறுவனம். அங்கே பெரும்பாடு அத்தனை பாரத்தையும் தாங்கி, நிறுத்தவும் வேண்டும் என்பதுதான். வேகம் அங்கே பேச்சே இல்லை. கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் டிரெய்லருக்கும் அப்படித்தான்.

வேகம் என்று ஒன்று வந்ததும் எடை பார்க்கும் வேலையும் கூடவே வந்துவிட்டது. 1928 முதல் இயங்கும் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஆவி எஞ்சின்களோடு வாழ்நாளைக் கழித்தவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். அந்த எஞ்சின்களின் பெரிய சக்கரங்களில் பிறைநிலா வடிவத்தில் ஒரு கனத்த இரும்பு இருக்கும். சின்ன வயதில் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். எதிர்ப்பக்கம் மாட்டியிருக்கும் தண்டின் பாரத்தை ஈடுகட்ட வைத்த எடை அது. டயர் கடையில் ரிம் விளிம்பில் தட்டி ஏற்றுகிறார்களே, விரல் நுனி அளவு வெயிட்டு, அதுவும் இதே பிறையின் வாரிசுதான்.

வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் வீடு போன்ற கேரவன் வண்டியைக் கட்டி இழுத்துப் போகிறார்கள். அதன் டயரை மாற்றினால் பேலன்ஸ் வேண்டுமா என்று அங்கேயும் கேள்வி உண்டு. பிரிட்டனில் இழுத்துச் செல்லும்போது கேரவனுக்குள் ஆள் உட்காரக் கூடாது. உணர ஆளில்லாத நடுக்கத்துக்கு எதற்குச் செலவு என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த வண்டியும் நெடுஞ்சாலையில் மணிக்கு 96 கிலோமீட்டர் வரை போகலாம். ஆள் இல்லாவிட்டால் பேரிங் வாங்கிக்கொள்ளும், அலமாரி ஸ்குரு வாங்கிக்கொள்ளும், டயர் திட்டுத்திட்டாகத் தேயும். இழுவண்டி பாம்புபோல் நெளிந்தால் அது வேறு கதை. பெரும்பாலும் பின்பாரம்தான் காரணம். முன்பாரம், பின்பாரம் பார்த்து மூட்டை அடுக்குவது நம் மாட்டுவண்டிக்காரர்களுக்குக் கைவந்த கலை. பாரம் பார்ப்பதும் சக்கரம் பார்ப்பதும் தனித்தனி வேலை. ஒன்று செய்தால் மற்றது தானாக வராது.

பெரம்பலூரில் சாலையோரம் ஒரு டயர் கடையில் நிறுத்தச் சொன்னேன். டிரைவருக்கு மனமில்லை, நேரமாகிவிடும் என்றார். கடைக்காரர் அனுபவஸ்தர். வாதாடவில்லை. “நீங்க கடைசி சீட்ல உக்காருங்கண்ணே, நான் ஒரு ரவுண்டு ஓட்டுறேன்” என்று சாவியை வாங்கிக்கொண்டார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். டிரைவர் இறங்கி, ஒன்றும் பேசாமல் ஜாக்கியை எடுத்தார்.

இடது பின்சக்கரம் 15 கிராமோடு அடங்கியது. வலது பக்கம் மெஷின் 70 கிராமுக்கு மேல் காட்டியது. அவ்வளவு வெயிட்டையும் அப்படியே அடித்துவிடாமல், காற்றை இறக்கி, டயரை ரிம்மில் அரைச்சுற்றுத் திருப்பி மாட்டினார் கடைக்காரர். மறுபடி சுற்றியபோது 25 கிராம் போதுமானதாக இருந்தது. வேலை தெரிந்தவர் கைக்கு உள்ள அழகு அது.

வேன் வைத்திருப்பவர்களுக்கும் கார் வைத்திருப்பவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். ரிம்மை விட்டு டயர் எப்போது கழன்றாலும், புது டயரோ, ரீட்ரெட் டயரோ, உள்பக்கம் ஒட்டிய டியூப்லெஸ் பஞ்சரோ, அந்தச் சக்கரத்துக்குப் பேலன்ஸ் பாருங்கள். முன்னது, பின்னது என்று பிரிக்காதீர்கள். ஸ்டெப்னியையும் விடாதீர்கள். அலைன்மென்ட் பார்த்தாயிற்று என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள்; அது சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்ப்பது, இது சக்கரம் சீராகச் சுற்றுகிறதா என்று பார்ப்பது. ஒரு சக்கரத்துக்கு ஆகும் செலவு, அன்று நாங்கள் பன்னிரண்டு பேர் குடித்த டீயின் செலவுதான்.

பெரம்பலூரைத் தாண்டி வண்டி எண்பதைத் தொட்டது. திரும்பிப் பார்த்தேன். அத்தை கம்பியை விட்டுவிட்டு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். டிரைவரும் கண்ணாடியில் அதைப் பார்த்தார்.

“ஆறு வருஷமா இந்த வண்டி ஓட்டுறேன் சார். அந்த சீட்ல இன்னைக்குத்தான் உக்காந்தேன்” என்றார்.

ஸ்ரீரங்கத்துக்கும் சமயபுரத்துக்கும் நாள்தோறும் எத்தனையோ வேன்கள் வருகின்றன. முழங்கால் வலியோடும் முதுகு வலியோடும் பெருமாளையும் அம்மனையும் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பின் சீட்டில்தான் உட்காருகிறார்கள். ரோடு மோசம் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வண்டியின் சொந்தக்காரர்களே, டயர் மாற்றிய மறுநாள் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, கடைசி சீட்டில் உட்கார்ந்து ஒருமுறை டோல்கேட் தாண்டிப் போய்வாருங்கள்.