சர்நேம் இல்லைன்னா என்ன, அப்பா பேர் இருக்கே!

போன மாசம் கிளையில சாயங்காலம் டீ குடிச்சிட்டிருந்தோம். கூட வேலை பார்க்கிறவர் ஒருத்தர், நல்ல மனுஷர்தான், கடன் விண்ணப்பம் ஒண்ணைப் புரட்டிக்கிட்டே சொன்னார்: "சர்நேமைப் பார்த்தாலே ஆள் எப்படின்னு தெரிஞ்சிடும் சார். ஷெட்டின்னா தொழில் தெரிஞ்சவன். கவுடான்னா முன்கோபக்காரன்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத்தான் ஒண்ணுமே இல்லையே, உங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சு வச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் கோபம் வந்தது. (எனக்கு எப்பவும் லேட்டாத்தான் வரும்.)

கடன் கொடுக்கிறதும் வசூல் பண்றதும்தான் இருபது வருஷமா என் பொழப்பு. வாராக்கடன் பட்டியல்ல எல்லா சர்நேமும் இருக்கு. ஒழுங்கா தவணை கட்டுறவங்க பட்டியல்லயும் அதே சர்நேமெல்லாம் இருக்கு. நான் படிச்ச பி.காமுக்கு இந்த ஆராய்ச்சி போதும். ஆள் எப்படின்னு தெரியணுமா, ஆறு மாச ஸ்டேட்மென்ட்டை எடுத்து எத்தனை செக் திரும்பியிருக்குன்னு பாருங்க.

அப்ப பேருக்கு முன்னாடி ஒட்டியிருக்கிறது என்னதான் சொல்லுது? மைசூர்க்காரங்களையே எடுத்துக்குவோம். 1912லேர்ந்து 1918 வரைக்கும் திவானா இருந்த விஸ்வேஸ்வரய்யா பேர்ல ஒரு மோக்ஷகுண்டம் இருக்கு. அது ஆந்திராவுல ஒரு ஊர். அவர் பிறந்தது இங்க முத்தேனஹள்ளியில. முன்னோர் எப்பவோ விட்டுட்டு வந்த ஊரு பேர்ல மட்டும் கூடவே வந்திருக்கு. 1918ல இங்க பாடம் நடத்த வந்த ராதாகிருஷ்ணனுக்கு சர்வபள்ளி. அதுவும் நெல்லூர்ப் பக்கம் ஒரு ஊர்தான், அவர் பிறந்தது திருத்தணி. ரெண்டு பேர் வீடும் நம்மளை மாதிரி பொழைக்க இடம் மாறின வீடுதான் போலிருக்கு!

ஆர்.கே. நாராயண் இன்னும் நமக்கு நெருக்கம். ஆர்னா ராசிபுரம், எங்க ஊர்ப்பக்கம். கேன்னா அப்பா கிருஷ்ணசாமி. யாதவகிரியில அவர் வாழ்ந்த வீடு இப்ப மியூசியம். ஊர்லேர்ந்து யார் வந்தாலும் அரண்மனைக்கு முன்னாடி அங்கதான் கூட்டிட்டுப் போவேன். (முகத்தைச் சுளிச்சவங்களும் உண்டு.) அப்பா பேர் கிருஷ்ணசாமி ஐயர். மகன் பேர்ல ஐயர் இல்லை. குவெம்புவும் அப்படித்தான். குப்பளி ஊர், வெங்கடப்ப கவுடா அப்பா. மகன் வெறும் புட்டப்பா. நம்ம டீ நண்பரோட சூத்திரத்தை வச்சு குவெம்புவுக்கு முன்கோபமா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதாம்?

தமிழ்நாட்டுல இந்த வாலை வெட்டுறது ஒரு இயக்கமாவே நடந்தது. பெரியார் 1927லயே தன் பேர்லேர்ந்து நாயக்கரை எடுத்துட்டார். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல, ஜாதிப் பட்டத்தை எல்லாரும் விடணும்னு தீர்மானம் போட்டாங்க. அவங்க பாடுபட்டு வெட்டினதை இப்ப நாம ஒரு ஃபாரத்துல இருக்கிற கட்டத்துக்காக மறுபடி ஒட்டுறோம். என் வயித்தெரிச்சலே அதுதான்.

கட்டம் கஷ்டம்தான், இல்லைங்கல. பாஸ்போர்ட்டுல ஒத்தைப் பேர் இருந்தா அமெரிக்க விசாவுல அதையே சர்நேமாக்கி, முன்னாடி எஃப்.என்.யூ.ன்னு போட்டுடுறாங்க. முதல் பேர் தெரியாதுன்னு அர்த்தமாம்! 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு எமிரேட்ஸ்காரங்க, ஒத்தைப் பேர்க்காரங்க விசிட் விசாவுல வரமுடியாதுன்னாங்க. அப்புறம் பாஸ்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல அப்பா பேர் இருந்தா போதும்னு இறங்கி வந்தாங்க. பாருங்க, அங்கயும் காப்பாத்தினது அப்பா பேர்தான்.

எங்க மச்சான் வெளிநாட்டுல இருக்கார். பையனுக்கு சர்நேமா ஜாதிப் பேரைப் போட்டுட்டார். கேட்டா, "கட்டத்தைக் காலியா விட முடியல மாப்ள, தாத்தாவோட பேர்தானே"ங்கிறார். அந்தத் தாத்தா எலிமென்ட்ரி ஸ்கூல் வாத்தியார். ரிடையர் ஆகிறவரைக்கும் ஒரு கையெழுத்துலயும் அதைப் போட்டதில்லை. பாட்டியோட பென்ஷன் புக்கை நான் பார்த்திருக்கேன், வெறும் பேரும் இனிஷியலும்தான்.

"பேர்தானே, அதனால என்ன"ம்பாங்க. 2007ல சுக்தேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரே தகுதி, ஒரே மாதிரி விண்ணப்பம், பேர் மட்டும் மாத்தி தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினாங்க. தலித் பேருக்கும் முஸ்லிம் பேருக்கும் கூப்பிட்டது குறைவு. விண்ணப்பிச்சவன் குணத்தை யாரும் பார்க்கவே இல்லை. அங்க தெரிஞ்சது விண்ணப்பத்தைப் பிரிச்சவரோட குணம்தான். டீ குடிச்சுக்கிட்டே ஃபைலைப் புரட்டுற நம்ம நண்பருக்கு இதைச் சொன்னேன். "நான் சும்மா தமாஷுக்குச் சொன்னேன் சார்"ன்னார். இருக்கலாம். ஆனா அந்த ஃபைல் அவர் கையிலதானே இருந்தது?

அப்பா பேர் போட்டாலும் இம்சை உண்டு. கஸ்டமர் கேர்லேர்ந்து "மிஸ்டர் பழனிசாமி"ன்னு கூப்பிடும்போதெல்லாம், அப்பா பின்னாடி நிக்கிறாரோன்னு எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோணும். பெண்கள் பாடு இன்னும் மோசம். எங்க வீட்டம்மாவுக்கு பான் கார்டுல அவங்கப்பா பேர், பழைய கணக்குல என் பேர், ஆதார்ல ரெண்டும் இல்லாம ஒரு இனிஷியல். வங்கிக்காரன் வீட்டுலயே இந்த லட்சணம்.

அடுத்த வாரம் பொண்ணுக்குப் பாஸ்போர்ட் எடுக்கணும். சர்நேம் கட்டத்துல என் பேரைப் போடலாம்னேன். "ஏம்ப்பா, அம்மா பேரைப் போட்டா என்ன?"ங்கிறா. இவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசினவனுக்கு அதுக்குப் பதில் வரலை. கட்டம் இன்னும் காலியாத்தான் இருக்கு.