குலத்தொழில் அல்லாத ஒரு தொழில்

'பாரம்பரியத் தொழில்களைக் காப்போம்' என்று எவனாவது மேடையேறினால் நமக்கு முதலில் வரவேண்டியது சந்தேகம். பாரம்பரியம் என்ற பெயரில் நம் தலையில் கட்டியது என்ன? செத்த மாட்டைத் தூக்கு, சாவுக்குப் பறையடி, மலக்கூடையைச் சும. 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்சப் பொழுதில் அப்பன் தொழிலைக் கத்துக்கோ என்றார். 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டி 1954இல் அதை விரட்டியடித்தது தமிழகம். அப்பன் தொழிலைக் கட்டிக் காக்கும் கடமை எதுவும் நமக்குக் கிடையாது.

இப்போது ஈய எழுத்து அச்சுக்கோப்பையும் அதன் இயந்திரங்களையும் காக்கவேண்டும் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. ட்ரெடில் மெஷினைத் துடைத்து மினுக்கி அலங்காரப் பொருளாக நிறுத்துகிறார்கள். எழுத்து அழுந்தின கல்யாணப் பத்திரிகை என்று காசுள்ளவன் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறான். மெஷின் இருக்கிறது. அதன் முன்னால் நின்று நின்று கால் வீங்கினவன் எங்கே? ராத்திரி விளக்கில் ஈய எழுத்தைப் பொறுக்கிப் பொறுக்கிக் கண்ணைத் தொலைத்த கம்பாசிட்டர் எங்கே? அந்தக் கேள்வியே அங்கே எழுவதில்லை. மனுஷனைத் தொலைத்துவிட்டு இரும்பை ரசிக்கிற இந்த ரசனை நமக்கு வேண்டாம்.

ஆனாலும் சொல்கிறேன்: அச்சுக்கோப்பைக் காக்கவேண்டியவர்கள் நாம்தான்.

ஏனென்றால் இந்த மண்ணில் எந்தச் சாதிக்கும் குலத்தொழிலாக விதிக்கப்படாத கைத்தொழில் இது. கப்பலில் வந்தது. 1712இல் தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி வந்தது; ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. மனு இதற்கு வருணம் ஒதுக்கி வைத்திருக்கவில்லை. கேஸ் முன்னால் நின்று கற்றவன் கம்பாசிட்டர், அவ்வளவுதான். முதலாளி நாற்காலியில் சாதி வந்து உட்கார்ந்துகொண்டது உண்மை. 1835இல் அச்சகம் நடத்தும் தடை நீங்கியதும் ஏட்டுச்சுவடி வைத்திருந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். ஆனால் இந்தத் தொழிலுக்குத் தீட்டு இல்லை, பூணூலும் இல்லை.

எழுத்து என்பது நமக்கு என்னவாகச் சொல்லப்பட்டது? கலைமகள் நாவில் குடியிருப்பது, காதில் விழுந்தாலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றவேண்டியது. அதே ஈயத்தைத்தான் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து காய்ச்சி எழுத்தாக வார்த்தார்கள்! ஸ்டிக்கில் தலைகீழாக அடுக்கு, காலியில் தள்ளு, கயிறு கட்டு, புரூப் எடு, பாரம் பூட்டு, மெஷினில் ஏற்று, அடித்து முடித்ததும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவு, மறுபடி அறை அறையாகப் பிரித்துப் போடு. இதைச் செய்தவன் கைக்கு எழுத்தின் புனிதம் பெரிதாகத் தெரிய நியாயமில்லை. 1935இல் பெரியார் ணை, லை, றா போன்றவற்றின் பழைய வடிவங்களை மாற்றிக் 'குடி அரசு' ஏட்டில் அச்சடித்தார். 1978இல்தான் அரசாங்கம் அதை ஏற்றது. எழுத்தைத் தெய்வமாகப் பார்த்தவனுக்கு அந்த யோசனை வராது. கேஸில் எத்தனை அறை என்று எண்ணிப் பார்க்கிறவனுக்கு வரும்.

இந்தக் கருவியை நம் முன்னோர் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. 1869இல் 'சூரியோதயம்', 1871இல் 'பஞ்சமன்', 1885இல் 'திராவிட பாண்டியன்'. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் எந்தச் சொல்லால் நம்மை ஏசினார்களோ அதையே பத்திரிகைக்குப் பெயராக வைத்துப் 'பறையன்' என்று தெருவில் விற்றார். 1907 ஜூன் 19இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளி படித்தான், ரங்கூனில் படித்தான், தென்னாப்பிரிக்காவில் படித்தான். பண்டிதர் 1914இல் மறைந்தார். 1926இல் தங்கவயலில் அப்பாதுரையார் 'தமிழ'னை மறுபடி எழுப்பினார்.

இதில் எவ்வளவு மிஞ்சியது? 1869 முதல் 1943 வரை வந்த நம் இதழ்களைப் பற்றி ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய நூல் 2017இல் வந்தது. பலவற்றுக்குப் பெயர் மட்டுமே மிச்சம். அன்பு பொன்னோவியம் போன்ற ஒருசிலர் 'தமிழன்' தாள்களைப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததால் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த பெருந்தொகுப்பு பாளையங்கோட்டையிலிருந்து வெளிவர முடிந்தது. தாளாவது கொஞ்சம் தப்பியது. அச்சுப்பொறி? எழுத்துக் கேஸ்? அதை அடுக்கிய கைகளின் பெயர்? காயலான் கடைத் தராசில் கிலோ கணக்கில் போய்விட்டது.

ஒடுக்கப்பட்டவன் அச்சகத்தின் மீது கடப்பாரை விழுவது உலக வழக்கம். 1892இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், கறுப்பர்களை அடித்துக் கொல்வதை எதிர்த்து எழுதினாள் என்று ஐடா பி. வெல்ஸின் பத்திரிகை அலுவலகத்தை வெள்ளைக் கும்பல் நொறுக்கியது. அது எதிரி செய்தது. 2016 ஜூன் 25 விடியுமுன் மும்பை தாதரில் அம்பேத்கர் பவன் இடிக்கப்பட்டது. பாபாசாகேப் நிறுவிய புத்த பூஷண் அச்சகமும் இடிபாட்டில் போனது. இடித்த தரப்பு சொன்னது அம்பேத்கர் நிறுவிய அறக்கட்டளையின் பெயரை! அந்த இடத்தில் அடுக்குமாடி வரும் என்றார்கள். ஆயிரக்கணக்கில் மக்கள் தெருவுக்கு வந்து கேட்டார்கள். நாம் இங்கே கேட்டோமா? சிலைக்கு ஒரு கீறல் விழுந்தால் சாலையை மறிக்கிறோம், சரி. சொல்லை அச்சடித்த இரும்பு உடைந்தால் நமக்கு உறைக்கவில்லையே, ஏன்?

'கையில போன் இருக்கு, இனிமே ஈயம் எதுக்கு?' என்று இளந்தோழர்கள் கேட்கலாம். இதற்குப் பதிலை வல்லம் வடகாலில் நின்று சொல்லவேண்டும். இரட்டைமலையார் பிறந்த அதே பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊர். இன்று சிப்காட் பூங்கா. 2017 முதல் இங்கே புல்லட் வண்டி தயாராகிறது. போன் பூட்டும் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் இங்கே திறக்கப்பட்டது. உலகம் பேசுகிற போனை நம் பெண்கள் பூட்டுகிறார்கள். அதில் அவர்கள் எழுதும் நாலு வரி எவனோ ஒரு கம்பெனியின் கிடங்கில் கிடக்கிறது. அவன் நினைத்தால் இருக்கும், நினைத்தால் மறையும். ஒருத்தி ஒரு திருகாணியை மட்டும் முடுக்குகிறாள். முழுப் பொருளும் அவள் கைக்குத் தெரியாது. ட்ரெடில் அப்படியல்ல. ஒரு ஆள் பிரித்து மாட்டலாம். சொல்லை யோசித்தவளே அதை அடுக்கலாம், அடிக்கலாம், வாசலில் நின்று கொடுக்கலாம். பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்துக்குத் தங்கள் பெயரில் ஒரு பதிவு வேண்டும் என்பது அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது. பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளும் உரிமைக்கு இன்றும் இதுதான் விலை.

போனை விடச் சொல்லவில்லை. போனும் இருக்கட்டும், சொல்லின் முழு வழியும் தெரிந்த கையும் இருக்கட்டும்.

ஆகவே நம் வேலை இது. மூடிக்கிடக்கும் சின்ன அச்சகங்களைத் தேடிப் போவோம். காயலான் கடைக்காரன் வருமுன் நாம் போவோம். உயிரோடிருக்கும் கம்பாசிட்டர்களை, மெஷின்மேன்களை, பைண்டிங் வேலை செய்த பெண்களை உட்கார வைத்துப் பேசச் சொல்லி எழுதுவோம் – கூலி என்ன, சாதி என்ன, ஈயம் உடம்பை என்ன செய்தது என்பது உட்பட. வல்லம் வடகாலில் ஒரு கூடம், ஒரு ட்ரெடில், இரண்டு செட் கேஸ். ஷிப்டு முடிந்த பெண்கள் கையுறை போட்டுக்கொண்டு, கைகழுவத் தண்ணீரும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் தங்கள் சேதியைத் தாங்களே கோக்கட்டும். கண்ணாடிப் பெட்டி வேண்டாம். ஓடாத மெஷின் பிணம். பிணம் காக்கிற வேலையைத்தான் நமக்கு ஏற்கெனவே நிறையக் கொடுத்துவிட்டார்களே!